சாயத்தைப் பிடித்த பசை

எண்பதுகளின் தொடக்கத்தில், சங்கரன்கோவிலில் எங்கள் வீட்டின் பின்பக்கம் அப்பா சாயப்பட்டறை வைத்திருந்தார். சேலை நூலுக்குச் சிவப்பு ஏற்றுவதுதான் முக்கால்வாசி வேலை. சாயம் நூலைப் பிடிக்க உப்பை அள்ளி அள்ளிப் போடுவார்கள். மிச்சத் தண்ணீர் வாய்க்கால் வழியாக ஒரு குழிக்குப் போகும். குழிக்கும் பக்கத்து வீட்டு அத்தையின் கிணற்றுக்கும் நடுவே ஒரு மதில்தான். சாயத்தண்ணீர் அதன் அடியில் ஊறிப் போனது.

அந்தக் கிணற்றுத் தண்ணீரைக் குடித்துத்தான் நானும் வளர்ந்தேன். அது சிவந்தபோது அத்தை சண்டைக்கு வரவில்லை. குடத்தை எடுத்துக்கொண்டு தெருக்குழாய்க்குப் போக ஆரம்பித்தாள், அவ்வளவுதான். நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

நான் அப்போது திருநெல்வேலியில் நுண்ணுயிரியல் படித்துக்கொண்டிருந்தேன்; கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. விடுமுறையில் வந்தபோது, வாய்க்காலில் வழவழவென்று படிந்திருந்த அழுக்கு கண்ணில் பட்டது. அது அடர்சிவப்பாக இருந்தது. அதைத் தாண்டி வந்த தண்ணீர் சற்று வெளிறியிருந்தது. அந்த அழுக்கு, பாக்டீரியாக்கள் தம்மைச் சுற்றிச் சுரந்துகொள்ளும் பசை. சர்க்கரைத் துணுக்குகள் சங்கிலியாகக் கோத்துக்கொண்ட பாலிமர். சாயம் அதில் ஒட்டிக்கொள்ளும் என்று வகுப்பில் கேட்டிருந்தேன்.

அதைக் கொஞ்சம் வழித்தெடுத்து, ஹார்லிக்ஸ் பாட்டிலில் கருப்பட்டித் தண்ணீர் ஊற்றி வளர்த்தேன். அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு, "ஏட்டி, படிக்க அனுப்புனா சாக்கடையக் கொண்டாந்து அடுக்களையில வைக்கியே" என்றாள்.

பசை கெட்டியானதும் கிணற்றுத் தண்ணீரில் கலந்து வைத்தேன். சில நாளில் சிவப்பெல்லாம் திரண்டு அடியில் உட்கார்ந்தது. தெளிந்ததை வடிகட்டி, தம்ளரோடு அத்தை வீட்டுக்கு ஓடினேன்.

"அத்தை, உங்க கெணத்துத் தண்ணி! இனி குழிக்குள்ளயே இந்தப் பசைய வளத்துட்டா, கெணறு பழையபடி ஆயிரும்."

காட்டத்தான் கொண்டுபோனேன். "குடிக்காதீங்க" என்று சொல்வதற்குள் ஒரு மடக்கு விழுங்கிவிட்டாள். முகத்தில் சிறு சுளிப்புகூட இல்லை. "கலரு போயிட்டே மக்கா! கெட்டிக்காரிதான்" என்று என் கன்னத்தைத் தொட்டாள்.

சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. மிச்சத்தில் நாக்கை வைத்துப் பார்த்தேன். ஒரே உப்பு. பசை சாயத்தைப் பிடித்துக்கொண்டு உப்பை விட்டுவிட்டது. வாயில் வைக்க முடியாத அந்தத் தண்ணீரை எனக்காக விழுங்கியிருக்கிறாள்.

நான் நிமிர்ந்தபோது அத்தை குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு தெருக்குழாய்க்குக் கிளம்பியிருந்தாள்.