கல்யாணப் பத்திரிகையில் ஏறிய வெப்சைட்

சுங்குவார்சத்திரத்தில் 'எழிலரசன் வீடு எது' என்று கேட்டால் நான்கு வீட்டைக் காட்டுவார்கள். 'வெப்சைட்டு எழில் வீடு எது' என்று கேட்டால் கூடவே நடந்து வந்து வாசலில் விட்டுவிட்டுப் போவார்கள். நாற்பத்தாறு வயது. ஒரகடத்தில் லாரிப் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் மெயின்டனன்ஸ் டெக்னீஷியன். மெஷின் நின்றுவிட்டால் முதலில் அதன் முன்னால் போய் நின்று முறைப்பார். பாதி மெஷின்கள் அந்த முறைப்பிலேயே ஓடத் தொடங்கிவிடும். ஆனால் ஊர் அவரை அதற்காக மதிக்கவில்லை. பெரிய பெரிய ஊர்களே சும்மா இருந்த 2002ஆம் ஆண்டில், இந்த ஊரை இன்டர்நெட்டில் ஏற்றியவர் என்பதற்காக மதிக்கிறது.

இந்தப் பெருமையில் ஒரேயொரு சிறு குறை உண்டு. அவர் ஏற்றவில்லை.

இந்த உண்மை இருபத்துமூன்று ஆண்டுகளாக உலகில் ஒரே ஒருவருக்குத்தான் தெரியும், அவர் எழிலரசன். நடேசனுக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் இன்டர்நெட் என்றால் என்ன என்று நடேசனுக்குத் தெரியாது. ஆகவே அவர் எல்லாவற்றையும் கண்ணால் பார்த்தும் ஒன்றும் அறியாத பாக்கியவான்.

நடேசன் அப்போது பஸ் ஸ்டாப்புக்கு எதிரே எஸ்.டி.டி. பூத் வைத்திருந்தார். பூத்துக்குப் பின்னால் ஒரு கம்ப்யூட்டரை வாங்கி வைத்து, முன்னால் ஒரு திரையைத் தொங்கவிட்டு, 'பிரவுசிங் சென்டர்' என்று போர்டும் எழுதிவிட்டார். ஐ.டி.ஐ. எலக்ட்ரீஷியன் முடித்துவிட்டு, ஸ்ரீபெரும்புதூரில் ஆறு மாதக் கம்ப்யூட்டர் வகுப்புக்கும் போய் வந்திருந்த எழிலரசன்தான் அந்தத் திரைக்குப் பின்னால் அமர்ந்த முதல் அதிகாரி. வாடிக்கையாளர் யாரும் வராத பொழுதுகளில் (அதாவது பெரும்பாலான பொழுதுகளில்) அவர் ஊருக்கு ஒரு வெப்சைட் கட்டினார். பச்சைப் பின்னணி, மஞ்சள் எழுத்து, ஓரத்தில் சுற்றும் உலக உருண்டை, மேலே வலமிருந்து இடமாக ஓடும் வரவேற்பு. பஸ் நேரங்கள் உண்டு. பஸ் ஸ்டாப்பில் பூ விற்கும் பாப்பம்மாளின் படம் உண்டு. 'வேலை நடைபெறுகிறது' என்று மண் வெட்டிக்கொண்டிருக்கும் ஒரு குட்டி மனிதனும் உண்டு. கடைக்கு வெளியே ஹைவேயை அகலப்படுத்த நிஜமாகவே மண் வெட்டிக்கொண்டிருந்ததால், அது மட்டும் மிகவும் தத்ரூபமாக அமைந்துவிட்டது.

கட்டியதை ஏற்ற வேண்டும் அல்லவா? நடேசனிடம் இருந்தது ஒரே போன் லைன். மோடம் கரகரவென்று கத்தி, கனைத்து, ஒருவழியாக இணைப்பு கிடைத்துப் பாதி ஏறும் சமயத்தில், பூத்துக்குள் யாராவது "மாமா, நான்தான் பேசறேன்" என்று ரிசீவரைத் தூக்குவார்கள். அறுந்துவிடும். மறுபடி முதலிலிருந்து. இப்படி ஒன்பது மாமாக்கள் சேர்ந்து வெப்சைட்டைத் தடுத்து வைத்திருந்த நிலையில், நடேசன் ஆர்வக் கோளாறில் திறப்பு விழாவுக்கு நாள் குறித்து நோட்டீஸும் அடித்துவிட்டார். விழாவுக்கு நான்கு நாள் இருக்கும்போது ரோடு போடுகிற ஜே.சி.பி. போன் கேபிளை அடியோடு பிடுங்கி எறிந்தது.

திறப்பு விழா அன்று எழிலரசன் மவுஸைத் தட்டினார். கம்ப்யூட்டரின் வயிற்றிலேயே எல்லாம் இருந்ததால், பக்கம் சட்டென்று திறந்தது. கூட்டம் கை தட்டியது.

நடேசன் காதோடு கேட்டார். "இன்னாடா எழிலு, கம்பி அறுந்து நாலு நாளாவுது. இது மட்டும் எப்டி வருது?"

"அது உள்ளயே கீதுண்ணே."

"உள்ளயே கீதா? லைனே இல்லாம இன்டர்நெட்டு வருதா? நீ பெரிய ஆளுடா!"

அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் அதற்குள் பாப்பம்மாள் கூடையை வாசலில் இறக்கிவிட்டு, செருப்பையும் கழற்றிவிட்டு உள்ளே வந்துவிட்டாள்.

"தோ, என் மூஞ்சி! ஏம்பா, இப்ப இத்த அமெரிக்காக்காரன் பாத்துகினு இருப்பானா?"

"பாப்பான்க்கா."

"அப்ப முல்ல, கனகாம்பரம் ரெண்டும் கீதுன்னு ஒரு வரி எழுதி வுடு. அட்வான்ஸ் அனுப்பட்டும்."

பக்கத்தின் அடியில் 'நீங்கள் இத்தனையாவது பார்வையாளர்' என்று ஒரு கணக்கு. தானாக ஏற வேண்டிய அந்த எண்ணை, ஆள் வரவர எழிலரசனே திறந்து மாற்றி எழுதினார். அதில் பொய்யே கிடையாது. மற்ற வெப்சைட்டுகளுக்குப் பார்வையாளர்கள் எங்கிருந்தோ ஒரு தட்டுத் தட்டிவிட்டு ஓடிவிடுவார்கள். இதற்கு முந்நூற்றுப் பதினெட்டுப் பேரும் சொந்தக் காலால் நடந்து வந்தார்கள். சிலர் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஒருவர் ஸ்வீட் வாங்கி வந்தார்.

இரண்டு மாதம் கழித்துக் கேபிள் வந்தது. எழிலரசன் ஏற்றத் தயாராக வந்து உட்கார்ந்தபோது கம்ப்யூட்டர் பளிச்சென்று காலியாக இருந்தது. "சளி புடிச்சாப்ல ஸ்லோவா போய்கினு இருந்துச்சி. சர்வீஸ்காரன வுட்டு சுத்தமா கழுவிட்டேன்" என்றார் நடேசன் பெருமையாக. நகல் எடுத்து வைத்திருந்த பிளாப்பி டிஸ்க்கைப் போட்டால் அது கொர் கொர் என்று குறட்டை விட்டது. அத்துடன் முடிந்தது. ஊரில் மட்டும் முடியவில்லை.

2004இல் கல்யாணம். பெண் வாலாஜாபாத், பெயர் ஜோதி. மறைமலை நகரில் பர்மனென்ட் வேலையில் இருக்கும் ஒரு மாப்பிள்ளையும் அப்போது ஜோதிக்குப் பார்த்து வைத்திருந்தார்கள். ஜோதி இரண்டு போட்டோவையும் பார்த்துவிட்டு, "வெப்சைட் கட்டினவரே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டார். எழிலரசன் தரப்பில் பத்திரிகை அடிக்கக் கொடுத்தபோது ஒரு சங்கடம் வந்தது. மணமகன் பெயருக்குக் கீழே போட ஒரு பட்டம் வேண்டும். அவரிடம் பட்டம் இல்லை. அவருடைய மாமா கொஞ்சமும் யோசிக்காமல், பி.ஏ., பி.காம். என்று வர வேண்டிய அந்த இடத்தில், பழைய திறப்பு விழா நோட்டீஸில் இருந்த வெப்சைட் முகவரியை அடிக்கச் சொல்லிவிட்டார். ஊர்ப் பெயரே ஆங்கிலத்தில் பதினைந்து எழுத்து. முன்னாலும் பின்னாலும் வால் வேறு. அறுநூறு பத்திரிகை. அத்தனையிலும் இல்லாத வீட்டுக்கு விலாசம்.

எழிலரசன் ஒரு மாதம் தூங்கவில்லை. ஆனால் கல்யாணப் பத்திரிகையில் மஞ்சள் தடவுவார்களே தவிர, அதிலிருக்கும் முகவரியை எவரும் அடித்துப் பார்ப்பதில்லை என்பது மெல்ல மெல்லப் புரிந்து, நிம்மதியாகக் குடும்பம் நடத்தத் தொடங்கினார். அந்த நிம்மதி இருபத்தோரு ஆண்டு நீடித்தது. தங்கமாரி வந்து கெடுத்தாள்.

தங்கமாரி கம்பெனிக்குப் புதிதாக வந்த எச்.ஆர். பெண், திருநெல்வேலிப் பக்கம். குடும்ப தின விழாவில் பாராட்ட ஆள் தேடிக்கொண்டிருந்தவளுக்குக் கேன்டீனில் யாரோ விஷயத்தைச் சொல்லிவிட்டார்கள்.

"எண்ணே, இவ்வளவு பெரிய ஆளு, ஒரு வார்த்த சொல்லாம இருந்திருக்கியளே! உங்களுக்கு மேடையில ஷீல்டு. பேரு அடிக்கக் குடுத்தாச்சு."

"அதெல்லாம் வேணாம்மா. பழைய கத அது."

"பழசுதாம்ணே வேணும். அழிஞ்சுபோன பக்கத்தயெல்லாம் இன்டர்நெட்டுல ஒரு இடத்துல சேத்து வச்சிருக்காங்க. அட்ரஸ மட்டும் தாங்க. பெரிய ஸ்கிரீன்ல எல்லாருக்கும் காட்டிருவோம்."

எழிலரசனுக்கு எதிரே இருந்த சாம்பார் சாதம் மங்கலாகத் தெரிந்தது. "விழா அன்னிக்கி நானே மேடையில சொல்றேன்" என்று தப்பித்து வந்தார். அவர் பயந்தது ஊரைப் பற்றி அல்ல. விழாவுக்கு ஜோதியும் வருவார். பர்மனென்ட் மாப்பிள்ளையைத் தள்ளிவிட்டு எதற்காக இவரைப் பிடித்தாரோ, அது பொய் என்று நூறு பேர் மத்தியில் ஸ்கிரீனில் பார்த்துத் தெரிந்துகொள்வதைவிட, வீட்டில் தன் வாயால் கேட்பது மேல் என்று முடிவு கட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஜோதி ஸ்டூலின் மேல் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். ஒரகடத்தில் வண்டிகளுக்கு வயர் கட்டும் வேறொரு கம்பெனியில் பதினாறு ஆண்டாக அசெம்பிளி லைனில் நிற்பவர். அந்தக் காலுக்கு ஞாயிறுதான் வீக் ஆஃப்.

"ஜோதி, ஒண்ணு சொல்லணும்."

"கடனா?"

"இல்ல."

"வேற எவளாவதா?"

"ச்சே! இல்ல."

"அப்பச் சொல்லுங்க, கேக்கறேன்."

சொன்னார். ஒன்பது மாமாக்கள், ஜே.சி.பி., பிளாப்பி எல்லாவற்றையும் சொன்னார். ஜோதி திட்டவில்லை, அழவில்லை. காலை மெதுவாகக் கீழே இறக்கினார்.

"அப்ப நான் வாலாஜாபாத்துல அடிச்சது?"

"நீ இன்னா அடிச்ச?"

"பத்திரிக வந்த அன்னிக்கி, நானும் கூடப் படிச்ச சசிரேகாவும் பஸ் ஸ்டாண்டாண்ட பிரவுசிங் சென்டருக்குப் போனோம். கட்டிக்கப்போறவரு கட்டுன வெப்சைட்ட பாக்கலாம்னு. ஏழு வாட்டி அடிச்சேன். பத்திரிகைய மடியில வெச்சிகினு, ஒவ்வொரு எழுத்தா பாத்து பாத்து அடிச்சேன். 'பக்கம் இல்ல', 'பக்கம் இல்ல'ன்னே வந்துது. அந்தக் கடைக்காரன், 'உனக்கெல்லாம் கம்ப்யூட்டர் செட்டாவாதும்மா, எந்திரி'ன்னான். சசிரேகா வழியெல்லாம் சிரிச்சிகினே வந்தா. இங்கிலீஷ் டைப்பு ஹையர்ல பஸ்ட் கிளாஸ் வாங்குன கை இது."

"ஏன் எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கல?"

"வெப்சைட் கட்டுன மகராசங்கிட்ட போயி, எனக்கு அத்தத் திறக்கவே தெரியலன்னு சொல்லச் சொல்றீங்களா?"

எழிலரசனுக்கு அப்போதுதான் இன்னொன்று நினைவுக்கு வந்தது. ஜோதி வேலைக்குச் சேர்ந்த புதிதில், சான்றிதழைப் பார்த்துவிட்டு ஆபீசில் டேட்டா என்ட்ரிக்குக் கூப்பிட்டார்கள். ஏ.சி. ரூம், நாற்காலி. "கம்ப்யூட்டர் எனக்கு வராது சார், லைனே போதும்" என்று ஜோதி சொல்லிவிட்டார். மனைவியின் அடக்கத்தைப் பற்றி எழிலரசன் அந்த வாரம் முழுக்க நண்பர்களிடம் பெருமையாகப் பேசியிருந்தார்.

"பதினாறு வருஷம் நின்னுகினே போச்சு, எழிலரசன் சார்" என்றார் ஜோதி.

இருபத்தோரு ஆண்டில் அவர் 'சார்' போட்டது அதுதான் முதல் தடவை. அடுத்த மூன்று நாளும் டிபன் பாக்ஸில் சோறு வந்தது, ஊறுகாய் வரவில்லை. நான்காம் நாள் நிபந்தனை வந்தது.

"மேடையில ஒண்ணு சொல்லணும் நீங்க."

"ஏத்தலன்னு சொல்லிடறேன், ஜோதி."

"அது உங்க கவல. ஏத்துனா இன்னா, ஏத்தாட்டி இன்னா? எனக்காக நீங்க வேற ஒண்ணு சொல்லணும்." அதை ஒரு தாளில் எழுதி டிபன் பாக்ஸின் மேல் வைத்தார். அன்று ஊறுகாயும் வந்தது.

விழா கேன்டீனை ஒட்டிய ஷாமியானாவில் நடந்தது. தங்கமாரி மைக்கில் அவரைத் தகவல் யுகத்தின் தந்தை என்ற அளவுக்கு உயர்த்திவிட்டு மேடையேற்றினாள். சிறப்பு விருந்தினராக முன்வரிசையில் நடேசன், தலைக்கு மை அடித்துக்கொண்டு வந்திருந்தார்.

எழிலரசன் மைக்கைப் பிடித்தார். "எல்லாருக்கும் வணக்கம். அந்த வெப்சைட்டு இன்டர்நெட்டுல இல்ல. எப்பவுமே இருந்ததில்ல."

கூட்டம் சிரித்தது. பிளான்ட் ஹெட் சிவசங்கர், "வாட் எ சிம்பிள் மேன்" என்று சொல்லிக் கை தட்டினார்.

"சார், நெஜமா சொல்றேன். நான் ஏத்தவே இல்ல."

நடேசனால் பொறுக்க முடியவில்லை. எழுந்துவிட்டார். "டேய், இன்னாடா பேசற? என் ரெண்டு கண்ணால பாத்தன்டா! என் கடையிலதாண்டா இருந்துச்சி!"

"அதாண்ணே நானும் சொல்றேன். உங்க கடையில மட்டும்தான் இருந்துச்சி."

சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி நின்றது. எழிலரசன் சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்தார். எடுத்தாரே தவிர, பார்க்கவில்லை, மனப்பாடமாகிவிட்டிருந்தது.

"இன்னொண்ணு. 2004ல வாலாஜாபாத்துல ஒருத்தங்க அந்த அட்ரஸ ஏழு வாட்டி அடிச்சாங்க. ஏழு வாட்டியும் சரியாத்தான் அடிச்சாங்க. ஒரு எழுத்துகூடத் தப்பில்ல. பக்கம் வராதது அவங்க தப்பில்ல, என் தப்பு. அவங்க இங்கிலீஷ் டைப்பு ஹையர், பஸ்ட் கிளாஸ்." அடுத்த வரி தாளில் இல்லாதது. "அவங்க எந்த ஆபீசுலயும் ஒக்காந்து வேல செஞ்சிருக்கலாம். என்னாலதான் செய்யல."

மூன்றாம் வரிசையில் ஜோதியின் பக்கத்தில் இருந்த பெண் குனிந்து கேட்டாள். "யாருக்கா அது?"

"எங்க ஊரு பொண்ணு ஒண்ணு" என்றார் ஜோதி, முந்தானையைச் சரிசெய்தபடி. "நல்லா அடிக்கும்."

ஷீல்டைத் திருப்பிக் கொடுக்கப் போனார் எழிலரசன். "பேரு அடிச்சாச்சுண்ணே. இத வேற யாருக்குக் குடுக்க?" என்று தங்கமாரி திரும்பவும் அவர் கையிலேயே திணித்துவிட்டாள். நடேசன் மட்டும் பிரியாணி முடியும்வரை அவரோடு பேசவில்லை. அவருடைய பார்வையில், எழிலரசன் குடிவெறியில்லாமலே உளறிய முதல் மனிதர்.

அடுத்த புதன்கிழமை, ஜோதியின் கம்பெனியில் ஸ்டோர்ஸ் ஆபீசுக்கு டேட்டா என்ட்ரி ஆள் தேவை என்று அறிவிப்பு வந்தது. உள்ளே வேலை செய்பவர்களும் ஆன்லைனில் விண்ணப்பிக்கலாம். மாலையில் ஜோதி லேப்டாப்பை இழுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். விரல்கள் முதலில் தயங்கின. இரண்டாவது வரியில் பழைய டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் திரும்பி வந்துவிட்டது, கீபோர்டு படபடத்தது. வரி முடியும்போதெல்லாம் இடது கை தன்னையறியாமல், அடுத்த வரிக்கு டைப்ரைட்டரின் லீவரைத் தள்ளுவதுபோல் காற்றைத் தள்ளியது. எழிலரசன் பின்னால் நின்று, மெஷினைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசியில் அனுப்பும் பட்டனைத் தட்டினார் ஜோதி. திரை வெள்ளையாக நின்றது. பிறகு, இந்தப் பக்கம் கிடைக்கவில்லை என்று வந்தது.

எழிலரசன் பதறிக் கை நீட்டினார். "இரு, நான் பாக்கறேன். நீ எங்கியாவது—"

"கைய எடுங்க."

எடுத்தார்.

"நான் ஒண்ணும் தப்பா அடிக்கல. அவங்க ஆளுதான் எதையோ சரியா வெக்கல" என்றார் ஜோதி. நாற்காலியை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டு, முதுகை நிமிர்த்தி, முதல் எழுத்திலிருந்து மறுபடி அடிக்கத் தொடங்கினார்.