ஜீப்பு வாரியாக ஒரு மெயில் பெட்டி

என் ஏலக்காய்க் கடைக்கும் லிங்கேஸ்வரனின் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவில் ஒரு தகரத் தடுப்புதான். போடி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கம். அந்தப் பக்கம் பிரிண்டர் சத்தம் கேட்டாலே, என்ன பேப்பர், யாருக்கு என்று எனக்கு மண்டை குடையும். பொல்லாத குணம்தான். என்ன செய்ய, பிறவியிலேயே அப்படி.

லிங்கேஸ்வரன் செய்கிற காரியமும் என்னைச் சும்மா இருக்க விடாது. விடியலில் ஜீப்பேறி மலைத் தோட்டங்களுக்கு வேலைக்குப் போகிற சனம் எதற்காவது விண்ணப்பம் போட வரும். மெயில் ஐடி என்ன என்று கேட்டால் முழிக்கும். போன் விற்றவன் போட்டுக் கொடுத்த ஐடி ஒன்று இருக்கும், பாஸ்வேர்டு யாருக்கும் தெரியாது. லிங்கேஸ்வரன் தன்னுடைய ஐடியையே தட்டிவிடுவார். வருசக்கணக்கில் இப்படியே பழகி, பாதி ஊருக்கு வருகிற தகவல் அவர் பெட்டியில்தான் விழுகிறது. அதை எப்படித்தான் பிரிக்கிறார்?

ஒருநாள் ஆவல் தாங்காமல் உள்ளே போய் எட்டிப் பார்த்தேன். திரையின் இடது பக்கம் வரிசையாகத் தலைப்புகள்: சின்ராசு ஜீப்பு, மொக்கச்சாமி ஜீப்பு, பிரேம்சிங் ஜீப்பு.

"என்னப்பா இது, மெயில் பெட்டியா, ஜீப் ஸ்டாண்டா?"

"சிரிங்கக்கா, நல்லாச் சிரிங்க. ஈஸ்வரின்னு தேடுனா எத்தனை ஈஸ்வரி வருதுன்னு தெரியுமா? போன் நம்பரையும் நெனச்சா மாத்திப்புடுறாக. எந்த ஜீப்புல மலைக்குப் போறன்னு கேட்டாப் போதும், ஆளு தெரிஞ்சிரும்."

மெயில் வந்ததும் பிரிண்ட் எடுத்து, விடியலில் ஜீப் கிளம்புமுன் டிரைவர் கையில் கொடுத்துவிடுவார். கொடுத்தானதும் அந்த மெயிலை ஜீப்புத் தலைப்புக்குள் தள்ளிவிடுவார். "இன்பாக்ஸ்ல கெடந்தா சோலி பாக்கின்னு அர்த்தம். அது காலியானாத்தான் எனக்குச் சோறு எறங்கும்" என்றார். விளம்பரமும் குப்பையுமாக நிரம்பி வழியும் என் போனை நான் மெல்ல முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டேன்.

போன ஆவணியில் ஒரு வெள்ளிக்கிழமை, ரோஜா வந்தாள். சிலமலைப் பெண். நர்சிங் படித்துவிட்டு, வேலை கிடைக்கிற வரைக்கும் என்று அம்மா மாயக்காளோடு ஏலக்காய் எடுக்கப் போய்க்கொண்டிருந்தாள்.

"லிங்கண்ணே, மதுரை ஆஸ்பத்திரில இன்டர்வியூக்குப் போனேன்ல, ஏதும் வந்துச்சா?"

அவர் சின்ராசு ஜீப்பைத் திறந்தார். "வந்துச்சே ஆத்தா. போன வாரமே பேப்பரச் சின்ராசுட்டக் குடுத்துவிட்டேனே."

"நாங்க இப்ப சின்ராசு ஜீப்புல போறதில்லண்ணே. ஆள அடைக்கிறாருன்னு அம்மா சண்ட போட்டுருச்சு. மொக்கச்சாமி அண்ணே ஜீப்புலதான் போறோம்."

வேலை கிடைத்திருந்தது. புதன்கிழமைக்குள் சம்மதம் என்று பதில் மெயில் போட வேண்டும் என்றும் அதில் இருந்தது. புதன் போய் ரெண்டு நாளாகிவிட்டது.

எனக்குப் பொறுக்கவில்லை. நேரே ஸ்டாண்டுக்குப் போனேன். பேப்பர் சின்ராசு சீட்டுக்கு மேலே மடித்துச் செருகியபடி இருந்தது. "சண்ட போட்டு எறங்கிப் போனவுகளுக்கு நான் எதுக்குக்கா பேப்பரு சொமக்கணும்?" என்றான். இங்கே டிரைவர்கள் எல்லாருக்கும் இந்த வீம்பு உண்டு. நான் திட்டிய திட்டில் டீக்கடையே எட்டிப் பார்த்தது. பேப்பரைப் பிடுங்கிக்கொண்டு வந்தேன்.

ரோஜா அழுதுகொண்டிருந்தாள். லிங்கேஸ்வரனுக்கு முகமே செத்துப்போயிருந்தது. "டிரைவர் கைக்குப் போனா முடிஞ்சுச்சுன்னு நெனச்சுட்டேனே. ஓங்கைக்கு வந்துச்சான்னு கேக்கலியே" என்றபடி, தவறு தன்னுடையதுதான் என்று ஆஸ்பத்திரிக்கு எழுத உட்கார்ந்தார்.

ரோஜா மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "வேணாம்ண்ணே. பதில் ஒங்க பெட்டிக்கு வந்தா அது மறுபடி எந்த ஜீப்புல ஏறுமோ. என் போன்ல எனக்குன்னு ஒரு ஐடி போட்டுக் குடுங்க."

அந்தச் சொல் அவருக்குச் சுருக்கென்று தைத்தது. ஆனாலும் மறுபேச்சு இல்லாமல் போட்டுக் கொடுத்தார். பாஸ்வேர்டு போடும் நேரம் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் திரும்பவில்லை. அவள்தான் கையால் மறைத்துக்கொண்டாள்.

ரோஜாவே எழுதினாள். தகவல் இன்றுதான் கைக்கு வந்தது, இடம் இன்னும் இருந்தால் உடனே வந்து சேருகிறேன், அவ்வளவுதான். அனுப்பிவிட்டு ஊருக்கு பஸ் ஏறிவிட்டாள்.

அதற்குப் பிறகு லிங்கேஸ்வரன் பட்ட பாடு இருக்கிறதே. "ஒருவேளை இங்கிட்டே பதில் போட்டுருவாகளோ" என்று சனி, ஞாயிறு, திங்கள் முழுக்கத் தன் பெட்டியைத் திறந்து திறந்து பார்த்தார். என் கதையும் அதேதான். "அந்தப் பிள்ளைக்குப் போன் போட்டுக் கேளேன்" என்றால், "எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுக் கேக்க?" என்பார்.

செவ்வாய்க்கிழமை விடியலில் மொக்கச்சாமி ஜீப்பு வந்து நின்றதும் ஓடினார். பின்னாலேயே நானும். மாயக்காள் மட்டும் தூக்குவாளியை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள்.

"ரோஜா எங்கக்கா?"

"மதுரைல. நேத்தே வேலைல சேந்துருச்சுப்பா. ஞாயித்துக்கெழமையே அது போனுக்கு மெயிலு வந்துருச்சே, ஒனக்குத் தெரியாதா?"

ஜீப்பிலிருந்த அத்தனை பேருக்கும் தெரிந்திருந்தது. ஊருக்கு வரும் சேதியை முதல் ஆளாகப் படித்துப் பழகிய மனுசன் அப்படியே நின்றார். சிரித்தார், கண்ணும் கலங்கியது.

மொக்கச்சாமி வண்டியைக் கிளப்பப் போனார். லிங்கேஸ்வரன் பின்கதவைப் பிடித்துக்கொண்டு உள்ளே பார்த்தார். "யார் யாருட்டப் போன் இருக்கு? சாயங்காலம் எறங்குனதும் கடைக்கு வாங்க. ஆளுக்கு ஒரு மெயில் ஐடி போட்டுத் தர்றேன்."