தகப்பன் பெயர் எழுதும் இடம்

சென்ற மாதம் ஒரு காலை, தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த நேரம் கர்க்லாண்டிலிருந்து மதாம் கொன்செத்தாவின் மகள் லூசியா தொலைபேசியில் அழைத்தார்.

"அங்கிள், அம்மா போயிட்டா. அங்கதான், இத்தாலியில. நித்திரையில போயிட்டா."

ஆறுதல் சொல்ல வேண்டிய நான், "எத்தினையாம் நாள், பிள்ளை?" என்று கேட்டேன்.

அழுதுகொண்டிருந்தவர் சிரித்துவிட்டார். "நூற்றிரண்டாம் நாள்."

"கெட்டிக்காரி!" என்றேன். பிறகுதான் எனக்கும் அழுகை வந்தது.

மதாம் கொன்செத்தாவை அறியாதவர்களுக்கு இந்தக் கேள்வி விசித்திரமாக இருக்கும். அதற்காகவே நம் பங்குக் கோயில் இதழின் தமிழ்ப் பக்கத்துக்கு இதை எழுதுகிறேன். எழுபது வயதுக்குப் பிறகு தமிழ் எழுத்தும் இங்கிலீஸ் எழுத்தும் பழகியவன் நான். ஒரு நாளில் அரைப் பக்கம்தான் போகும். ஆனால் இதை ஒருவரைக் கொண்டும் எழுதுவிக்கவில்லை. ஒவ்வொரு எழுத்தும் என் கையால் விழுந்தது. அந்தச் சந்தோஷத்தை அஞ்சலி என்பதற்காக மறைக்க மாட்டேன்.

டோர்வலில் விமானங்களுக்குச் சாப்பாடு கட்டும் சமையற்கூடத்தில் நான் தட்டுக் கழுவச் சேர்ந்தபோது, தட்டு அடுக்கும் வரிசைக்கு அவர்தான் பொறுப்பு. மொன்றியலில் பிறந்த இத்தாலியப் பெண்மணி. நான் மன்னாரில் மீன் பிடித்தவன். அவர் பேசியது பிரெஞ்சும் இத்தாலியும் கலந்த பேச்சு. அது என் காதில் எப்படி விழுந்ததோ அப்படியே தமிழில் எழுதுகிறேன். "அண்ணை" என்பதை மட்டும் அவர் தமிழிலேயே சொல்வார். அங்கே வேலை செய்த நம் பெண்களிடம் கேட்டுப் பழகியது.

பெட்டிகளில் எழுதியிருப்பதை எனக்கு வாசிக்கத் தெரியாது என்பதை அவர் இரண்டாம் நாளே கண்டுபிடித்தார். வெளியில் சொல்லவில்லை. மறுநாள் ஒவ்வொரு பெட்டியிலும் கலர் டேப் ஒட்டியிருந்தது. மேலாளர் ஏனென்று கேட்டதற்கு, "எனக்குக் கண் மங்கிப்போச்சு, கலர் இல்லாட்டி தெரியாது" என்று கூசாமல் சொன்னார். ஊசியில் நூல் கோக்கும் கண் அது. ஆகவே அவர் பொய் சொல்லத் தெரியாதவர் என்று நினைத்துவிடாதீர்கள்.

ஓய்வு பெற்றதும் அவருக்கு ஒரே ஒரு விருப்பம் இருந்தது. அவருடைய பெரியம்மா, அதாவது தாயாரின் மூத்த சகோதரி, தொண்ணூறு வயதில் இத்தாலியில் ஒரு மலைக் கிராமத்தில் தனியாக இருந்தார். அவரோடு போய் இருந்து பார்க்க வேண்டும். கனடாப் பாஸ்போட்டோடு போனால் ஆறு மாதத்தில் தொண்ணூறு நாள்தான் தங்கலாம். இத்தாலியக் குடியுரிமை இருந்தால் ஒருவரும் கேட்கமாட்டார்கள்.

"துணைக்கு வாங்கோ அண்ணை," என்றார். "லைன்ல நிக்க அகதிகளுக்குத்தான் நல்லாத் தெரியும்."

தூதரக அலுவலகத்துக்குப் போனோம். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் பொறுமையாக விளக்கினார். தகப்பனார் சல்வத்தோரே, மகள் பிறக்குமுன்பே கனடாக் குடியுரிமை எடுத்துவிட்டார். ஆகவே தகப்பன் வழி இல்லை. தாயார் இத்தாலியர்தான். ஆனால் தாய் வழி என்றால் 1948 ஜனவரி முதலாம் திகதியிலிருந்து பிறந்தவர்களுக்குத்தான். மதாம் பிறந்தது 1946இல்.

"அப்ப நான் ஆரின்ரை வயித்தில இருந்தனான்?" என்று மதாம் கேட்டது வாசல்வரை கேட்டது.

"சட்டம், மதாம்," என்றார் அந்தப் பெண், தலையைக் குனிந்துகொண்டு.

லாசாலில் இத்தாலியர்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுக்கும் ஒருவரிடம் கோப்பைக் கொண்டுபோனோம். அந்தக் காலத்தில் இங்கே கோயிலின் ஞானஸ்நானப் புத்தகம்தான் பிறப்புப் பதிவு. மதாமின் பத்திரத்தை அவர் மேசையில் விரித்து ஓரிடத்தில் விரலை வைத்தார். மதாம் அதை என் பக்கம் திருப்பினார்.

"இதை நீங்களும் வாசிக்கலாம், அண்ணை."

அது வெற்றிடம். தகப்பன் பெயர் எழுதும் இடம். மதாம் பிறந்தபோது தாய்க்கும் தகப்பனுக்கும் இன்னும் கலியாணமாகவில்லை. தகப்பனார் வடக்கே காட்டில் மரம் வெட்டிக்கொண்டிருந்தார். பனி கரைந்து அவர் திரும்பி வந்த பிறகுதான் கலியாணம் நடந்தது.

"நல்ல காலம்," என்றார் படிவக்காரர். "தகப்பன் தெரியாத பிள்ளைக்குத் தாயின்ரை குடியுரிமை, எந்த வருசத்தில பிறந்தாலும். இந்தப் பத்திரத்தை மட்டும் குடுங்கோ. கலியாணப் பத்திரம் வீட்டிலயே கிடக்கட்டும்."

மதாம் கோப்பைக் கட்டினார். பஸ் தரிப்பில் வைத்து நான்தான் வாயைத் திறந்தேன். கடதாசியில் என்ன பெயர் இருந்தாலும் ஆள் போய்ச் சேர்ந்தால் போதும் என்று பழகி வந்தவன் நான்.

"ஒரு கடதாசிதானே, மதாம். செத்த மனிசனுக்கு என்ன தெரியப்போகுது?"

அவர் என்னை அப்படிப் பார்த்ததை முன்பு நான் கண்டதில்லை. "அந்த மனிசன் காட்டில இருந்து வந்த உடன, சப்பாத்துக்கூடக் கழட்டாமல் கோயிலுக்குப் போய், 'என்ரை பேரை எழுதுங்கோ' எண்டு பாதரோட சண்டை பிடிச்சவர். பாதர் எழுதேல்லை. இப்ப நானும் எழுதாமல் விடுறதோ?"

"கலர் டேப்புக்குப் பொய் சொன்னீங்கள்தானே?"

"அது உங்களுக்காகச் சொன்னது. இது அவருக்கு எதிராச் சொல்லுறது. வித்தியாசம் தெரியேல்லையோ, கிழவா?"

இரண்டு பத்திரங்களையும் சேர்த்தே கொடுத்தார். இல்லை என்று கடிதம் வந்தது. அதை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு விமானச் சீட்டு எடுக்கப் போனார்.

தொண்ணூறு நாள் அங்கே, அடுத்த தொண்ணூறு நாள் இங்கே. இப்படியே மூன்று வருடம். தான் இங்கிருக்கும் காலத்தில் பெரியம்மாவுக்குக் கஞ்சி வைக்க அங்கே பக்கத்து வீட்டுப் பெண்ணை ஒழுங்குசெய்திருந்தார். ஒவ்வொரு முறையும் நான் டோர்வல் விமான நிலையத்துக்குப் போய் வழியனுப்புவேன். "இந்த வயசில இவவுக்கு ஏன் இந்த ஓட்டம்?" என்று என் மனைவி கேட்பார். அடுத்த முறை அவரே பருத்தித்துறை வடை சுட்டு மதாமின் பையில் வைத்துவிடுவார்.

கடைசிப் பயணத்தில் பெட்டியில் கட்டும் பெயர்ச் சீட்டை என்னிடம் நீட்டினார். "இப்பதான் எழுதப் பழகிட்டீங்களே. எழுதுங்கோ." நான் அவருடைய பெயரை எழுதி முடிக்கும்வரை பின்னால் நின்றவர்களைத் திரும்பி முறைத்துக்கொண்டே நின்றார். பிறகு என் காதருகே வந்து சொன்னார்.

"பெரியம்மா படுக்கையில விழுந்திட்டா. இந்த முறை தொண்ணூறில திரும்ப மாட்டன். பொலிஸ் வந்தா வரட்டும். கட்டிலோட சேத்துத்தான் என்னைத் தூக்கவேணும்."

ஒருவரும் வரவில்லை. பெரியம்மா இன்னும் இருக்கிறார். மதாம்தான் முந்திக்கொண்டார்.

அடக்கம் முடிந்து திரும்பிய லூசியா, போன ஞாயிறு ஒரு படம் கொண்டுவந்து காட்டினார். மலைச்சரிவில் ஒரு மரச் சிலுவை. அதில் ஒரு பலகை. லூசியா வாசிக்கப் போனார். "பொறுங்கோ பிள்ளை," என்று சொல்லிவிட்டு, நானே விரலை வைத்து எழுத்தெழுத்தாக வாசித்தேன். கொன்செத்தா. அதன் கீழே, சல்வத்தோரேவுக்கும் ஃபிலோமெனாவுக்கும் மகள்.

வெற்றிடம் ஒன்றும் இல்லை. இரண்டு தரம் பார்த்தேன்.

மதாம், இன்றைக்கு நூற்று முப்பத்துமூன்றாம் நாள். இனி உங்களை எழுப்பித் திருப்பி அனுப்ப எந்தச் சட்டம் வருகிறது, பார்ப்போம். அசையாமல் படுத்திருங்கள்.