கையுறைக் கேள்வி

அந்த ஆராய்ச்சிக்கு இனிப் பணம் வராது என்று டாக்டரம்மா போனில் சொன்னபோது நான் சக்குபள்ளத்தில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன். முதலில் வந்தது கோபம்தான். யார் மேல் என்று யோசித்துக்கொண்டே போனால், கடைசியில் அது என் மேலேயே வந்து நின்றது.

கைநடுக்க நோய் எதனால் வருகிறது என்று ஏலத்தோட்டத் தொழிலாளர்களைக் கேட்டு எழுதும் வேலை அது. மூளைக்குள் நரம்புகள் மெல்ல மெல்லச் செத்துப்போகிற அந்த நோய்க்குப் பார்க்கின்சன் என்று பெயர். பூச்சிமருந்துக்கும் அதற்கும் தொடர்பு உண்டா என்பதுதான் கேள்வி. முதல் கட்டத்துக்கு மட்டும் பணம் கொடுத்திருந்தார்கள். அதில் ஏதாவது தடயம் தெரிந்தால், அதே ஆட்களை வருடக்கணக்கில் தொடர்ந்து பார்க்க மேலும் பணம் வரும். டாக்டரம்மாவுக்குத் தமிழ் அவ்வளவாக வராது. மலையாளத்தில் அச்சடித்த கேள்விகளைத் தமிழில் கேட்டு எழுத ஆள் தேடினார். தோட்டத் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்தில் பிறந்து மலையாளப் பள்ளியில் படித்தவள் நான். என்னை விட்டால் ஆள் ஏது என்று கொஞ்சம் கர்வமாகத்தான் சேர்ந்தேன்.

என் அண்ணனுக்கும் அந்த நோய்தான். ஐம்பது வயதுக்கு முன்பே வலது கை ஆட ஆரம்பித்தது. பிறகு நடை குறுகியது. முகத்தில் சிரிப்பு வருவது நின்றுபோனது. நான் படிக்க வேண்டும் என்பதற்காகத் தன் படிப்பை விட்டுவிட்டு மருந்தடிக்கப் போனவன் அவன். டிரம்மில் மருந்து கலக்குவது அவன் வேலை. கம்பால் கலக்கினால் தூள் அடியில் கட்டிதட்டிக் குழாயை அடைத்துக்கொள்ளும் என்று முழங்கை வரை கையை விட்டுக் கலக்குவான். கட்டியில்லாமல் கலக்குகிறவன் என்று தோட்டத்தில் அவனுக்குப் பெயரே இருந்தது. சாயங்காலம் சோறு பிசைகிற கையில் அந்த வாடை அடிக்கும். மூக்கைப் பிடித்துக்கொண்டு அவனைக் கேலி செய்திருக்கிறேன்.

அவன் மகனுக்குக் கம்பத்துப் பக்கம் ஒரு பெண் பார்த்தார்கள். எல்லாம் கூடி வந்தது. பெண் வீட்டார் வந்த அன்று அண்ணன் காப்பித் தம்ளரைக் கையில் வாங்கவேயில்லை. அப்படியும் கண்டுகொண்டார்கள். இது பரம்பரையாக வருவதா என்று கேட்டுவிட்டு, சொல்லி அனுப்புகிறோம் என்று போனவர்கள் சொல்லி அனுப்பவில்லை. அன்றிலிருந்து அண்ணனுக்கு ஒரே கேள்விதான்.

"ரத்தத்துல வந்ததா, அந்த டிரம்முல வந்ததா? இத மட்டும் ஒங்க டாக்டரு சொல்லிட்டாப் போதும் பாப்பா."

தனி ஆள் ஒருவருக்கு எதனால் வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது, நிறையப் பேரைச் சேர்த்துப் பார்த்தால் ஏதாவது தெரியலாம் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். அதை அவனிடம் சொன்னேன். அது போதும் என்றான். ஆராய்ச்சி முடிகிற வரை வேறு பெண் பார்க்க வேண்டாம் என்றும் வீட்டில் சொல்லிவிட்டான்.

தோட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. கழுத்தில் அட்டையும் கையில் ஃபாரமுமாக யார் வந்தாலும் அவர்கள் தோட்டத்தைப் பரிசோதிக்க வந்த அதிகாரிகள்தான். ஜீப் வளைவு திரும்பும்போதே செய்தி லயத்துக்குப் போய்விடும். ஸ்டோரில் உறை பிரிக்காமல் கிடக்கும் கையுறைகள் வெளியே வரும். கேட்டால் எல்லாருக்கும் ஒரே பதில், போட்டுத்தான் அடிக்கிறோம். இல்லையென்று சொன்னால், கொடுத்ததைப் போடாதது உன் குற்றம் என்று முதலாளி கைகழுவிவிடுவார். குடியிருக்கிற அறையும் போனாலும் போகும். சின்ன வயதில் ஜீப்பைப் பார்த்ததும் ஓடிப்போய்ச் செய்தி சொன்னவளே நான்தான். அதே நான் கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு அதே லயத்துக்குப் போய்க் கையுறை போட்டீர்களா என்று கேட்டேன். வீட்டுக்கு வீடு ஆமாம் என்றார்கள். நகக்கண்ணில் மருந்தில் கலக்கிற துரிசின் நீலம் ஏறியிருந்தவர்களும் ஆமாம் என்றார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறார்கள் என்று தெரிந்தேதான் டிக் போட்டேன். சொன்னதை மட்டும் எழுத வேண்டும் என்பது விதி என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உண்மையில், எங்கள் ஆட்களைப் பொய்யர்கள் என்று வெளியூர்க்காரர் ஒருவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அண்ணன் வீட்டிலும் அதே கேள்வியைக் கேட்டேன். அவன் வாசலை ஒருமுறை பார்த்துக்கொண்டான்.

"போட்டேன்னு எழுதிக்க. மகன் அங்கதான வேலை பாக்குறான். ஒரு ஆளு சொல்றதுல என்ன ஆயிடப்போகுது?"

டிக் போட்டேன். கையெழுத்துப் போட அவனுக்கு நிறைய நேரம் ஆயிற்று. போகப்போக எழுத்து சிறுத்து, கடைசி எழுத்து எறும்பளவு இருந்தது.

போனில் டாக்டரம்மா காரணமும் சொன்னார். நோய் வந்தவர்களும் கையுறை போட்டவர்கள், வராதவர்களும் போட்டவர்கள். யார் உடம்பில் எவ்வளவு மருந்து பட்டது என்பதில் வித்தியாசமே தெரியவில்லை. அதனால் தொடர்ந்து பணம் தருவதற்கில்லை என்று எழுதிவிட்டார்களாம். நீ நன்றாக வேலை செய்தாய், ஒரு கட்டத்தைக்கூடக் காலியாக விடவில்லை என்று என்னைப் பாராட்டவும் செய்தார். அதைக் கேட்டுத் தாங்க முடியாமல்தான் எல்லாவற்றையும் சொன்னேன். முன்பே சொல்லியிருந்தால் கேள்வியை மாற்றியிருப்பேனே என்றார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பஸ் ஏறாமல் நேராக அண்ணன் வீட்டுக்கு நடந்தேன். ஆராய்ச்சி நின்றுபோனதையும் ஏன் நின்றது என்பதையும் சொன்னேன்.

"அப்ப நான் சொன்ன பொய்யாலதானா?"

"நீ மட்டும் இல்லண்ணே. எல்லாரும் சொன்னாங்க. நானும் தெரிஞ்சுதான எழுதுனேன்."

வெளியே குழாயடியில் அவன் மகன் வேலை முடிந்து வந்து கை கழுவிக்கொண்டிருந்தான். சோப்பு வாசனையைத் தாண்டி அந்த வாடை வீட்டுக்குள் வந்தது. அண்ணன் என் பையைக் காட்டி, ஃபாரம் மீதி இருக்கிறதா என்று கேட்டான். ஒன்று இருந்தது.

"இப்ப எழுதிக்க. கைய விட்டுத்தான் கலக்குனேன். இந்தா, இது வரைக்கும்."

ஆடுகிற வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டு முழங்கையைக் காட்டினான். கையுறைக் கேள்விக்கு இல்லை என்ற கட்டத்தில் டிக் போட்டேன். கீழே கையெழுத்துப் போட்டான். இந்த முறை பாதிப் பெயர்தான் வந்தது.

"கொண்டுபோய்க் குடுத்துரு பாப்பா" என்றான்.

வாங்கிக்கொள்ள அங்கே யாரும் இல்லை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. "குடுத்துர்றேண்ணே" என்றேன்.