துரை ஏன் சாப்பிடல?

அந்தத் தெருவுக்கு அவர் ‘அடைப்பு’தான். சமையலறைத் தொட்டியில் தண்ணீர் தேங்கினாலும் சரி, குளியலறையில் கணுக்கால்வரை நின்றாலும் சரி, “அடைப்பைக் கூப்பிடு” என்பார்கள். குழாய் வேலை செய்கிறவருக்கு வேறென்ன பட்டம் கிடைக்கும்? அவரும் கோபித்துக்கொண்டதில்லை. சுருள்கம்பியைத் தோளில் மாட்டிக்கொண்டு வருவார், குப்புறப் படுத்துக்கொண்டு கம்பியை உள்ளே விட்டுத் திருகுவார், முடியும் அழுக்குமாய் எதையாவது வெளியே இழுத்துப் போட்டுவிட்டு, “இப்ப விட்டுப் பாருங்க” என்பார். தண்ணீர் கடகடவென்று இறங்கும். அப்போது அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வரும் பாருங்கள், பச்சைப்பிள்ளைச் சிரிப்பு. வீட்டுக்குத் திரும்பும்போது அந்தச் சிரிப்பைச் செருப்போடு சேர்த்து வாசலிலேயே கழற்றிவிடுவார்.

வீட்டில் அவர் மனைவி அவரோடு பேசுவதில்லை. ஒரு வாரம், பத்து நாள் கோபம் என்றால் எந்த வீட்டில்தான் இல்லை? இது வருஷக்கணக்கு.

அவளுடைய அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்த சமயம். அவள் ஒரு பெரிய சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்பு மடிக்கிறவள்; அங்கே வேலை நேரத்தில் போனைக் கையில் வைத்துக்கொள்ள விடமாட்டார்கள். அதனால் மைத்துனன் இவரைத்தான் கூப்பிட்டான். “மாமா, அக்காவை உடனே கூட்டிட்டு வாங்க.” இவர் அப்போது ஒரு மாடி வீட்டில் குழாயைப் பிரித்துப் போட்டிருந்தார். அப்படியே விட்டுவிட்டுப் போனால் கீழ்வீடு முழுகிவிடும் என்று, வேலையை முடித்துக்கொண்டுதான் போய் அவளை அழைத்தார். இவர்கள் போய்ச் சேர்வதற்குள் பெரியவர் முகத்தைத் துணியால் மூடிவிட்டார்கள்.

“கடைசியா ஒரு தடவை முகத்தைப் பாக்க விடலையே” என்று அவள் மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள்.

“குழாயைத் தொறந்து போட்டுட்டு எப்படிம்மா வர்றது?” என்றார் இவர்.

வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கலாம். ஒரு மனுஷனுக்கு எந்த நேரத்தில் எதைச் சொல்வது என்றுகூடவா தெரியாது? தெரியவில்லை. அன்றோடு அவள் பேச்சை நிறுத்தினாள். சோறு பொங்கினாள், துணி துவைத்தாள், ஒரே கூரையின் கீழ் படுத்து எழுந்தாள், அவரிடம் மட்டும் வாய் திறக்கவில்லை.

அந்த ஊமை வீட்டுக்குள் முயல் வந்தது ஒரு தற்செயல். வீடு காலிசெய்துகொண்டிருந்த ஒரு வாடிக்கையாளர், “புது வீட்டுல இதை வெச்சுக்க விடமாட்டாங்க அண்ணே, நீங்க கொண்டு போறீங்களா?” என்று கேட்டார். சாம்பல் நிறத்தில் ஒரு குட்டி. இவர் அதைக் கருவிப் பையில் வைத்து, குழாய் முறுக்கும் குறட்டின் மேல் உட்காரவைத்து எடுத்துவந்தார். சமையலறை வாசலில் இறக்கிவிட்டுவிட்டு, திருடனைப்போல் தள்ளி நின்றார்.

அவள் குனிந்து அதைப் பார்த்தாள். “உன்னை யாரு இங்க கொண்டாந்தா? சோப்பு வாசனையும் சாக்கடை வாசனையுமா இருக்குற வீட்டுல நீ எப்படி இருப்பே?” என்றாள்.

எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அவர் காதில் விழுந்த அவள் குரல். முயலிடம்தான் பேசினாள். ஆனால் சாக்கடை வாசனை யாருடையது என்று முயலுக்கா தெரியும்?

“நான் குளிச்சுட்டுத்தான் உள்ள வருவேன்னு சொல்லு” என்றார் இவரும், முயலைப் பார்த்து.

அப்படித்தான் ஆரம்பித்தது. “சாப்பாடு வெச்சாச்சுன்னு சொல்லு.” “நாளைக்குச் சீக்கிரம் போகணும்னு சொல்லு.” “குழாய் வேலை பாக்குறவர் வீட்டுக் குழாயே ஒழுகுதுன்னு சொல்லு.” முயல் காதை ஆட்டிக்கொண்டு இரண்டு பக்கமும் கேட்டுக்கொண்டிருக்கும். போகப்போக அந்தச் ‘சொல்லு’வும் உதிர்ந்துபோயிற்று. முயல் படுக்கும் மூலையைப் பார்த்து, “மழை வரும்போல இருக்கு” என்பாள். இவர் குடையை எடுத்துக்கொள்வார். முயலுக்கு அவள் வைத்த பெயர் ‘துரை’. வேளாவேளைக்கு உட்கார்ந்த இடத்தில் சாப்பாடு வருகிறதல்லவா, அதனால். அந்தப் பெயரில் பாதி தன்னைக் குத்துவதற்குத்தான் என்று அவருக்குத் தெரியும். குத்தட்டுமே! பேசாமல் இருப்பதற்குக் குத்தல் எவ்வளவோ மேல் என்று இருந்துவிட்டார்.

ஒரு நாள் காலை அவர் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். முந்தின நாள் உடம்பு அசதியில் பாதிச் சாப்பாட்டிலேயே எழுந்துவிட்டிருந்தார். அவள் அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மூலையில் குனிந்திருந்தாள்.

“துரை ஏன் சாப்பிடல? வயிறு சரியில்லையா?”

கையிலிருந்த பை அப்படியே நின்றது. கவனித்திருக்கிறாள்! தட்டில் மிச்சம் வைத்ததைப் பார்த்திருக்கிறாள். ‘சாப்பிடல’ என்கிற சொல் பொல்லாத சொல். நானும் சாப்பிடல, நீயும் சாப்பிடல, அதுவும் சாப்பிடல; யாருக்கு வேண்டுமானாலும் பொருந்தும்.

“பசியில்ல, அவ்வளவுதான். வேற ஒண்ணுமில்ல. சாயங்காலம் சரியாயிடும்” என்றார், குரலைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு.

அவள் எழுந்து வேலைக்குக் கிளம்பினாள். அன்று முழுவதும் அவர் சீட்டியடித்துக்கொண்டு வேலை பார்த்தார். “என்ன அடைப்பு, லாட்டரி விழுந்துச்சா?” என்று சாமான் கடைக்காரர் கேலி செய்யும் அளவுக்குச் சந்தோஷம்.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் அவளைப் பார்த்தார். மூலையில் மண்டியிட்டு உட்கார்ந்திருந்தாள். காலையில் வைத்த கீரை வாடிக் கிடந்தது. முயல் முதுகைக் கூனிக்கொண்டு சுவரை ஒட்டி உட்கார்ந்திருந்தது. பல்லை நறநறவென்று கடிக்கும் சத்தம் கேட்டது. கீழே விரித்திருந்த தாளில் ஒரு புழுக்கைகூட இல்லை. எப்போதும் மிளகைக் கொட்டினாற்போல் கிடக்கும்.

அவருக்கு உலகத்தில் ஒரே ஒரு நோய்தான் தெரியும். “அடைச்சிருக்கு” என்று அதன் வயிற்றில் கட்டைவிரலை வைத்து அழுத்தப் போனார். அவள் அவர் கையைப் படாரென்று தட்டிவிட்டு, முயலைத் துண்டில் சுற்றிக்கொண்டு வாசலுக்கு நடந்தாள். இவர் பின்னாலேயே ஓடினார்.

மருத்துவர் ஒரு நடுத்தர வயது அம்மாள், சுருக்கென்று பேசுகிறவர். படம் எடுத்துப் பார்த்துவிட்டு வந்தார்.

“அடைப்புங்களா டாக்டர்?”

“அடைப்பு இல்லை. குடல் ஓட்டம் நின்னுபோயிருக்கு. முயலுக்கு வயிறு ஓயாம ஓடிக்கிட்டே இருக்கணும். மந்தமானா வலிக்கும், வலிச்சா சாப்பிடாது, சாப்பிடலேன்னா இன்னும் மந்தமாகும். குழாய் நல்லாத்தான் இருக்கு, உள்ள இருக்குறதுதான் நகரல. அழுத்திகிழுத்தித் தொலைக்காதீங்க. புல்லு ஒழுங்காக் கொடுக்குறீங்களா?”

“கொடுக்குறோம். அதோட ஒரு துண்டு ரொட்டி கொடுப்பேன்” என்றாள் அவள்.

“நானும் ஒரு துண்டு கொடுப்பேன்” என்றார் அவர். அவள் கொடுப்பது அவருக்குத் தெரியாது, அவர் கொடுப்பது அவளுக்குத் தெரியாது. எப்படித் தெரியும்?

“நல்லாருக்கு போங்க. முயலுக்கு ரொட்டி ஆகவே ஆகாது. ரெண்டு பேரும் பேசிக்கமாட்டீங்களா?” என்றார் மருத்துவர், சும்மா ஒரு பேச்சுக்கு. இரண்டு பேரும் தரையைப் பார்த்தார்கள். “எப்பலேர்ந்து சாப்பிடல?”

“காலையிலேர்ந்து. நான் அப்பவே இவர்கிட்ட கேட்டேன். பசியில்ல, வேற ஒண்ணுமில்ல, சாயங்காலம் சரியாயிடும்னு சொன்னார். வருஷக்கணக்கா இதை உக்காந்து பாக்குறவராச்சே, தெரிஞ்சுதான் சொல்றார்னு வேலைக்குப் போயிட்டேன்.”

அவருக்குத் தலையில் இடி விழுந்தாற்போல் ஆயிற்று. கேட்டது தன்னையல்ல! முயலைக் கேட்டிருக்கிறாள். ‘நான் என்னைப் பற்றிச் சொன்னேன்’ என்று அங்கேயே சொல்லியிருக்கலாம். வெட்கம் வாயைக் கட்டிவிட்டது. ஒரு பெண்டாட்டி ‘ஏன் சாப்பிடல’ என்று கேட்டுவிட்டாள் என்பதற்காக நாள் முழுவதும் சீட்டியடித்த கதையை எந்த ஆம்பிளை வெளியே சொல்வான்?

“அப்பவே கொண்டுவந்திருந்தா…” என்று இழுத்த மருத்துவர் அதை முடிக்காமல் ஊசியை எடுத்தார். வலிக்கு ஒன்று, குடலுக்கு ஒன்று, தோலுக்கடியில் நீர். அரைத்த புல்மாவைக் கரைத்து ஊசி போடும் குழலில் உறிஞ்சி, வாயோரமாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டச் சொன்னார். “புழுக்கை விழுதான்னு பாத்துக்கிட்டே இருங்க. விழுந்தா பிழைச்சுக்கும்.”

அவள் லீவு போட்டாள். அவர் அரை நாள் வேலையோடு ஓடிவந்தார். அவள் துண்டை விரித்து, ஒரு மடிப்பு இப்படி, ஒரு மடிப்பு அப்படி, தலை மட்டும் வெளியே தெரிகிற மாதிரி சுற்றி மடியில் வைத்துக்கொள்வாள். மடிப்பதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. அவர் குழலைப் பிடிப்பார். குழாய்களையே முறுக்கிப் பழகிய கைக்கு அது புது வேலை.

“துரை, மெதுவா” என்பாள். “துரை, போதும், அது முழுங்கட்டும்.” துரை என்றது எந்தத் துரையை என்பதில் இப்போது சந்தேகமில்லை. அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு சொட்டாக விட்டார். இது போய்விட்டால் இந்தக் குரலும் போய்விடும் என்று அவருக்கு உள்ளுக்குள் உதறிக்கொண்டிருந்தது. அவருக்குக் கடவுள் நம்பிக்கை அவ்வளவாகக் கிடையாது. ஆனாலும், ஒரே ஒரு புழுக்கை, ஒன்றே ஒன்று போதும் என்று யாரிடமோ கெஞ்சிக்கொண்டே இருந்தார்.

ஒரு நாள் காலை அவர் முகம் கழுவிக்கொண்டிருந்தபோது அவள் ஓடிவந்து உள்ளங்கையை நீட்டினாள். கடுகைவிடக் கொஞ்சம் பெரிதாக, காய்ந்துபோய், மூன்று புழுக்கை. அவர் சிரித்துவிட்டார், தண்ணீர் இறங்கியதும் சிரிக்கிற அதே சிரிப்பு. அவள் உதடும் லேசாகக் கோணியது. பிறகு சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டாள். அந்தத் தைரியத்தில்தான் அவர் அன்று முழு நாள் வேலைக்குப் போனார்.

மதியம், ஒரு அடுக்குமாடி வீட்டுத் தொட்டிக்கு அடியில் கவிழ்ந்து கிடந்தார். குழாய் பிரிந்து கிடந்தது. தண்ணீரை மூடும் திருகு துருப்பிடித்துச் சரியாக நிற்காததால், குழாயின் வாயில் துணியை வைத்து ஒரு கையால் அமுக்கிக்கொண்டிருந்தார். பையில் போன் அடித்தது. இன்னொரு கையால் எடுத்துப் பார்த்தார். அவள்! இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட அந்த எண்ணிலிருந்து அழைப்பு வந்ததில்லை.

காதில் வைத்தார். அந்தப் பக்கம் பேச்சில்லை. மூச்சு வாங்குகிற சத்தம் மட்டும் கேட்டது.

“வர்றேன்” என்றார். துணியை விட்டார். தண்ணீர் பீய்ச்சி அவர் மார்பில் அடித்தது. “யோவ், தண்ணி ஓடுதுய்யா! எங்கய்யா போற?” என்று வீட்டுக்காரர் கத்தினார். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. கருவிப் பையைக்கூட எடுக்கவில்லை.

அவள் மூலையில் தரையில் உட்கார்ந்திருந்தாள். மடியில் துண்டு, அதே மடிப்புக் கலையாமல் இருந்தது. அவர் குனிந்து காதைத் தொட்டுப் பார்த்தார். சில்லிட்டிருந்தது. அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். சட்டையெல்லாம் நனைந்து சொட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தாள். இந்தத் தடவை திறந்து போட்டுவிட்டுத்தான் வந்தேன் என்று அவளிடம் சொல்லவேண்டும்போல் இருந்தது. யாரிடம் சொல்லி யார் மூலமாகச் சொல்வது? கேட்கிற காது இரண்டும் அவள் மடியில் கிடந்தன.

வீட்டுக்குப் பின்புறம், மதிலோரம் மண் தோண்டிப் புதைத்தார். அவள் மூலையைக் கழுவிவிட்டாள்.

இருட்டும்போது தட்டு வைத்தாள். வழக்கமாக, “சாப்பாடு வெச்சாச்சு” என்று மூலையைப் பார்த்துச் சொல்வாள். அன்று சொல்லாமல் வைத்துவிட்டுப் பாத்திரம் கழுவத் திரும்பினாள். அவர் உட்கார்ந்தார். பிசைந்தார். ஒரு வாய்கூட இறங்கவில்லை.

“ஏன் சாப்பிடல? வயிறு சரியில்லையா?”

பழக்கதோஷம், அவர் மூலையைத் திரும்பிப் பார்த்தார். கழுவிவிட்ட தரை இன்னும் காயவில்லை. கேட்டது தன்னைத்தான் என்று உறைக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

“பசியில்ல” என்றார்.

அவள் கழுவுவதை நிறுத்தினாள். “அன்னைக்கும் இதையேதான் சொன்னீங்க.”

இனி எதற்கு வெட்கம்? “அன்னைக்கு நான் என்னைச் சொன்னேன்” என்றார். “முந்தின நாள் பாதிச் சாப்பாட்டுல எழுந்துட்டேன்ல. நீ என்னைத்தான் கேக்குறேன்னு நெனச்சுட்டேன்.”

அவள் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். குழாய் திறந்தபடி ஓடிக்கொண்டிருந்தது. திட்டுவாள் என்று எதிர்பார்த்தார், திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தார்.

“உங்களை எங்க கேட்டேன்,” என்றாள் அவள், “இத்தனை வருஷமா?”

சொல்லிவிட்டுக் குழாயை மூடினாள். ஈரக்கையோடு வந்து அவருக்கு எதிரில் உட்கார்ந்தாள். அன்று அந்த வீட்டில் இரண்டு பேரும் சாப்பிடவில்லை.