தறிக்குழிக்குள் மூக்கை விட்ட லில்லி

சென்ற ஆவணியில் உறவினர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போய்விட்டு, மதியம் காஞ்சிபுரத்தில் உள்ள எங்கள் வீட்டுக்குத் திரும்பினோம். பின்கதவு உடைந்து கிடந்தது. நெய்து முடித்துத் தறியிலேயே விட்டிருந்த முகூர்த்தச் சேலையை யாரோ அறுத்துக்கொண்டு போயிருந்தார்கள்.

என் கணவர் போலீசுக்கு ஓடினார். எனக்கோ மனசு ஆறவில்லை. திருடன் கால் பட்ட வீடாயிற்றே என்று மஞ்சள் தண்ணீர் தெளித்து, வாசல்வரை கழுவித் துடைத்து, சாம்பிராணியும் போட்டுவிட்டேன்.

மோப்ப நாய் லில்லியோடு வந்த காவலர் தலையில் கை வைத்துக்கொண்டார். "என்னம்மா, எல்லாத்தையும் கழுவி உட்டுட்டீங்களே! இது எதை மோந்து பாக்கும்?"

சாம்பிராணிப் புகையில் லில்லி தும்மியது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்போது என் கணவர், "தறிகிட்ட மட்டும் தண்ணி எடுத்துக்கினு போவ மாட்டோம் சார், பட்டு கெட்டுடும்" என்றார். சேலையை அறுக்க, நாங்கள் காலை விட்டு நெய்யும் குழியில் திருடன் இறங்கியிருப்பான் அல்லவா? லில்லி அந்தக் குழிக்குள் தலையை விட்டது. மறுகணம் காவலரை இழுத்துக்கொண்டு ஓடியது. ஓரிக்கை போகும் வழியில், பாழடைந்த பம்புசெட் கொட்டகைக்குள் ஒரு சாக்குமூட்டை முன்னால் உட்கார்ந்து குரைத்தது. உள்ளே எங்கள் சேலை!

வீட்டுக்கு வந்ததும் ஆசையாக இட்லியை நீட்டினேன். லில்லி முகத்தைத் திருப்பிக்கொண்டது. "என் கையாலதாம்மா சாப்புடும், அப்படித்தான் பழக்கியிருக்கோம்" என்ற காவலர் ஒரு பந்தைக் கொடுத்தார். அதைக் கவ்விக்கொண்டு குழந்தைபோலத் துள்ளியது.

இப்போதெல்லாம் வீட்டில் மூக்குத்தித் திருகு காணாமல் போனால்கூட நான் துடைப்பத்தைத் தொடுவதில்லை. தொடவும் முடியாது, அதற்குள் என் கணவர் அதை ஒளித்துவைத்துவிடுகிறார்.