வலக்கைத் தண்ணீர்

சுவரில் மாட்டக் கம்பளி நெய்யப் போவதாக மகதலேனா சொன்னபோது, அவள் புருஷன் ரபேல் வீடு அதிரச் சிரித்தான். "சுவத்துக்குக் கம்பளியா? இந்த ஊரு வெயில்ல சுவத்துக்குக் குளிருதா?"

கோலாலம்பூரில் புதிதாகக் கட்டிய பேச்சு மண்டபத்தில் ஒரு வார்த்தை சொன்னால் நாலாகத் திரும்பி வந்தது. அங்கே கல்லில் சிற்பம் செதுக்க வந்திருந்த ஹாலம் துரை, கல் வைத்தால் எதிரொலி இன்னும் கூடும் என்று உளியை ஓரம் வைத்துவிட்டு, கம்பளி நூலில் நெய்ய ஒரு பெரிய சித்திரத் திரைக்குப் படம் வரைந்தார். அதற்கேற்ற தறி பிரிக்பீல்ட்ஸ் கன்னியர் மடத்துத் தையல் கூடத்தில்தான் இருந்தது. அந்தத் தறியில் கை பழகியவள் மகதலேனா ஒருத்திதான்.

சிறுவயதில் தாயை இழந்து மடத்துக்கு வந்தவள் அவள். தறியைப் பிரான்சிலிருந்து கொண்டுவந்த கன்னியாஸ்திரி அவளுக்குப் பூவும் இலையும் நெய்யக் கற்றுக்கொடுத்துவிட்டு ஊர் திரும்பிவிட்டார். பிறகு தண்டவாளம் போடும் ரபேலைக் கட்டி, பிள்ளைகள் பெற்று, பீடத் துணிகளுக்குக் கரை நெய்துகொண்டு காலம் போயிற்று. மனித உருவம் நெய்ததே இல்லை. முடியாதென்றால் நூலும் படமும் கப்பலேறிவிடும் என்று மடத்துத் தலைவி மதர் சொன்னார். யாரும் கேட்குமுன் மகதலேனா, "நெய்யிறேன் மதர்" என்றாள். அந்தத் துணிச்சல் எங்கிருந்து வந்ததென்று அவளுக்கே தெரியவில்லை.

படம் ரபேல் மாதிரி ஆட்களைப் பற்றியதுதான். தண்டவாளம் சுமக்கும் ஆண்கள். அவர்களில் ஒருவன் கையைக் குவித்துக் குனிந்து நிற்க, ஒரு பெண் செம்பிலிருந்து தண்ணீர் ஊற்றுகிறாள். உடம்பெல்லாம் கட்டை கட்டையாக, சிலைக்காரர் வரைந்தது போலவே இருந்தது. முகத்தில் கண்ணுமில்லை மூக்குமில்லை. "ஆளைத் தெரியலன்னா நல்லதுதான்க்கா, யாரும் சண்டைக்கு வர மாட்டாங்க" என்றாள் கூடத்தில் தைக்கும் சாந்தமேரி.

தறியில் இழுத்துக் கட்டிய பாவு நூலுக்கு அடியில் படத்தை விரித்தார்கள். மகதலேனா மேலிருந்து குனிந்து நெய்தாள். ஆண்கள் உருவானார்கள், தண்டவாளம் உருவானது. பெண்ணின் கை வந்தபோதுதான் அவள் நின்றாள். படத்தில் அந்தப் பெண் இடக்கையால் தண்ணீர் ஊற்றினாள்.

"பீச்சாங்கையால தண்ணி ஊத்துறாளே" என்றாள் சாந்தமேரி.

வெள்ளைக்காரருக்கு இதெல்லாம் எங்கே தெரியப் போகிறது என்று மகதலேனா நினைத்தாள். பெரிய மண்டபம், நம் சனங்களும் வந்து பார்ப்பார்கள். யாரையும் கேட்காமல், நீண்டிருந்த கையை மடக்கி, மடங்கியிருந்த கையை மார்புக்குக் குறுக்கே நீட்டி நெய்தாள். மனசு நிறைந்திருந்தது.

திறப்பு விழா நெருங்கியபோது துரை வந்தார். அடியில் விரித்த படத்தை விலக்கி, தறிக்குக் கீழே குனிந்து அண்ணாந்து பார்த்துவிட்டு அவளையும் பார்க்கச் சொன்னார். கீழிருந்து பார்த்தால் அந்தப் பெண் இடக்கையால் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

அவள் இத்தனை நாளும் பார்த்து நெய்தது திரையின் முதுகு. முகம் கீழே இருந்தது. முகத்தில் எல்லாம் இடம் வலமாகத் திரும்பும் என்பதால்தான் துரை படத்தையே திருப்பி வரைந்திருந்தார். பூவும் இலையும் நெய்தவளுக்கு இது தெரிய வழியில்லை. பூவுக்கு ஏது இடமும் வலமும்? ஆனால் அவளைச் சுட்டது அதுவல்ல. துரை ரயில்பாதையோரம் வெயிலில் நின்று, எந்தக் கை ஊற்றுகிறது என்று சரியாகத்தான் பார்த்திருக்கிறார். அவருக்குத் தெரியாது என்று தான் முடிவு கட்டியது எதனால்?

துரை தனக்குத் தெரிந்த சந்தைப் பேச்சு மலாயில், பரவாயில்லை, யார் கவனிக்கப் போகிறார்கள் என்றார். மதரும் அப்படியே விட்டுவிடலாம் என்றார். மகதலேனா மறுத்துத் தலையசைத்தாள். "நான் கவனிப்பேன். பிரிச்சு நெய்யிறேன்."

கத்தரி தவறிப் பாவில் ஒரு நூல் அறுந்தாலும் திரை போச்சு. சாந்தமேரி மூச்சைப் பிடித்துக்கொண்டு விளக்கை ஏந்தி நிற்க, மகதலேனா குறுக்கு நூலை இழை இழையாக உருவினாள். பழுப்பு நூலில் மீதம் கொஞ்சமே. கப்பலில் வருவிக்க நாளில்லை. உருவிய நூலோ சீனக் கடை மீ சேமியா மாதிரி சுருண்டு கிடந்தது. அதைச் சோற்றுப் பானை ஆவியில் காட்டி நிமிர்த்தினாள். நூல் நிமிர்ந்தது, நிறம் கொஞ்சம் வெளுத்தது. வெளுத்த நூலைக் கையின் மேல் விளிம்புக்கும் புது நூலை அடிப்பக்கத்துக்கும் வைத்து நெய்தாள்.

திரையைத் தறியிலிருந்து அறுத்துத் திருப்பியபோது கூடத்தில் இருந்தவர்கள் கிட்டே வந்து பார்த்தார்கள். மற்ற உருவங்கள் தட்டையாக நிற்க, அந்தக் கை மட்டும் மேலே வெயில் பட்டதுபோல் திரையை விட்டு வெளியே வந்தது. துரை அதைத் தொட்டுப் பார்த்தார். கல்லில் கூட இப்படி வராது என்று மதரிடம் சொன்னார். ஓரத்தில் தன் பெயருக்குப் பக்கத்தில் அவள் பெயரையும் ஊசியால் தைக்கச் சொன்னார். அவள் தமிழில் தைத்தாள்.

திறப்பு விழா அன்று ரபேலின் கேங் ஆட்கள் பின்வாசல் வழியாக வந்தார்கள். கையைப் பிரித்து நெய்த கதை தெரிந்த ஒருவன், "ரபேல் அண்ணே, இது எந்தக் கை?" என்று வம்புக்கு இழுத்தான். ரபேல் திரைக்கு நேர் கீழே போனான். குனிந்து, இரண்டு கையையும் குவித்து அந்தச் செம்புக்கு அடியில் நீட்டினான்.

"வலக்கைதான்டா. குடிக்கலாம்."